நூற்றெண்பத்திரண்டாவது நாள்

காங்கேயத்தில் கொப்பரைக் கடைக்கு மேல் மாடி.
படி ஏறும்போதே எண்ணெய் வாசம் சேலையில் ஏறிக்கொள்ளும்.
ஆடிட்டர் சென்னியப்பன்
செல்போனை அணைக்கச் சொல்வார்.
அப்புறம் ஓ.டி.பி. வருமென்று அவரே போடச் சொல்வார்.

நோட்டீசை நீட்டினேன்.
மறந்துபோன மெயிலுக்கு மூன்று முறை வந்து
நாலாம் முறை தபால்காரர் கையில் வந்தது.
அதில் நான் நாச்சிமுத்து சுகந்தி.
பாஸ்போர்ட்டில் சுகந்தி மோகன்ராஜ்.
ஜோர்டானில், இர்பித் கம்பெனி அட்டையில் ‘சூகண்டி’,
லைன் நாற்பத்திரண்டு, குவாலிட்டி.
மூணு பேருமே கணக்குத் தாக்கல் செய்யவில்லை.

“சம்பளம் அப்புறம் பார்க்கலாமுங்க.
முதல்ல நாளைச் சொல்லுங்க.
வருஷா வருஷம் இங்கே எத்தனை நாள் இருந்தீங்க?”

இதை யாரும் எண்ணிக் கேட்டதில்லை.
வீட்டுக்காரர் கேட்டிருக்கலாம்.
அவருக்குத் தெரிந்தது மாசத்தின் முதல் தேதி.

கிருபாஷினி என்று ஒரு பிள்ளை, வேலைக்குப் புதுசு,
பாஸ்போர்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
முத்திரை முத்திரையாக வாசித்தாள்.
பதினாறில் முப்பத்தொரு நாள். பையனுக்குக் காதுகுத்து.
பதினேழில் பதினைந்து. மாமனார் காரியம்.
பதினெட்டில் ஒன்றுமில்லை.
அதற்கும் கால்குலேட்டரில் ஒரு பூஜ்யம் அழுத்தினாள்.

இருபதில் விரல் நின்றது.
மார்ச்சில் பத்து நாள் லீவில் வந்தேன்,
வானத்தைப் பூட்டிவிட்டார்கள்.
போனது செப்டம்பர் இருபத்தொன்பது.
“ஏப்ரல் ஒண்ணுல இருந்து, போன நாளையும் சேர்த்து
நூத்தி எண்பத்திரண்டுங்க சார்.”

சென்னியப்பன் பேனாவை மூடினார்.
“ஒரு நாள் முன்னாடி ஏறியிருந்தா
அந்த வருஷத்துக்கு நீங்க ஒறம்பரை.
தங்கிட்டீங்க. ஊர்க்காரி ஆயிட்டீங்க.”

அந்த ஒரு நாளை எனக்குத் தெரியும்.
டிக்கெட் இருபத்தெட்டுக்குத்தான் இருந்தது.
திருச்செங்கோட்டு ரிக் வண்டி
அன்றைக்குச் சாயங்காலம்தான் எங்கள் காட்டுக்கு வந்தது.
ஒரு வருஷம் முழுக்க நான் வெட்டிய நூல்பிசிர்
குழாய் குழாயாக மண்ணுக்குள் இறங்கும்போது
கண்ணால் பார்க்காமல் எப்படிப் போவது?
ராத்திரியெல்லாம் வேப்பமரம் வெளுத்துக்கொண்டே இருந்தது.
அறுநூறில் புகை.
எழுநூறில் புகை.
எண்ணூத்தி நாற்பதில் ஈரம் மாதிரி ஏதோ தெறிக்க
எல்லாரும் எழுந்து நின்றோம்.
அதுவும் காய்ந்தது.
விடியும்போது என் புருவம் நரைத்திருந்தது,
கழுவ நேரமில்லை, அப்படியே காரில் ஏறினேன்.

“அந்தப் போருக்குக் கழிவு உண்டுங்களா?”

கிருபாஷினி சிரிப்பை அடக்கினாள்.
சென்னியப்பன் அடக்கவில்லை.
“தண்ணி வந்திருந்தாலும் கிடையாதுங்க.”

பிறகு சட்டத்தில் ஒரு சந்து காட்டினார்.
எனக்கென்று ஒரு கட்டம் இருக்கிறதாம்:
வசிப்பவர், ஆனால்
சாதாரணமாக வசிப்பவர் அல்லர்.
அதைப் போட்டால் இர்பித் சம்பளம் தப்பிக்கும்.
பாங்கு வட்டிக்கு வரி,
பிந்தியதற்குத் தண்டம்,
தூங்கிய மாசங்களுக்குத் தனி வட்டி.

இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன்.
டில்லியில் யாரோ
என்னைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார்.
அந்த ஆறு மாசமும் என் அடுப்படியில்
மிளகு டப்பா எது, கடுகு டப்பா எது என்று
மகளைக் கேட்டுக் கேட்டுத்தான் சமைத்தேன்.

ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து
எழுபத்தோராயிரத்துச் சொச்சம்.
கட்டினேன்.
ஓ.டி.பி. வந்தது, சத்தமாகச் சொன்னேன்,
ஒரு எண்ணை மாற்றிச் சொல்லி மறுபடி சொன்னேன்.

கீழே களத்தில் அவசர அவசரமாகக்
கொப்பரையைக் கூட்டி வாரிக்கொண்டிருந்தார்கள்.
மேற்கே இருட்டியிருந்தது.

கறிக்கடை வரிசையில் பக்கத்துக் காட்டுப் பழனாத்தாள்:
“எப்ப வந்தே சுகந்தி? மறுபடி எப்பப் பயணம்?”

வந்து ரெண்டு வருஷம் ஆகிறது.

“அரைக்கிலோ போடுங்க,” என்றேன் கடைக்காரரிடம்,
“எலும்போட. நாளைக்கும் வருவேன்.”